வில்லுக்கத்தி, ஆயிரத்து நானூற்றைம்பது

மூன்றாம் குறுக்குத்தெருவில் நஃபீலின் கடை.
ஆணி, நைலோன் கயிறு, தூண்டில் முள்,
டியூப் ஒட்டும் பசை.
கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு கத்திகள்
வாய் மூடிப் படுத்திருக்கின்றன.

"என்ன வேலைக்கு?"

கொழும்பு இரவு பஸ்ஸில் வரும் சாக்குகளை
விடிய ஐந்து மணிக்கு அவிழ்க்கிற வேலைக்கு.
உவர்மலைக்கு மருந்து, உப்புவெளிக்குச் சப்பாத்து,
பாலையூற்றுக்குப் பால்மா.
கயிறு, கயிற்றின் மேல் டேப்,
டேப்பின் மேல் யாரோ நம்பிக்கையில்லாதவர் சுற்றிய
இன்னொரு டேப்.
இதுவரை வெட்டியது பல்லாலும்
ஸ்கூட்டித் திறப்பாலும்.

முதலாவது பெரிது. திறந்தால் மீன் வாடிக்குப் போகலாம்.
என் கைப்பைக்குள் அது கிடந்தால்
நான் யாரென்று எனக்கே விளக்க வேண்டிவரும்.
அடுத்தது அழகு. மரப்பிடி, பித்தளை ஆணி,
ஆறாயிரத்து எழுநூறு.
தொட்டேன். விரலடையாளத்தைத் துடைத்து வைத்தேன்.
இன்னொன்றில் முள்ளுக்கரண்டி, தக்கை திருகி, செதில் சுரண்டி
என்று பதினான்கு.
எல்லாம் தெரியும், எதையும் முடிக்காது,
என் பழைய முதலாளி மாதிரி.

மூலையில் ஒன்று. கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. பெயரில்லை.
அலகு என் நான்கு விரல் அகலம்.
பெருவிரல் தள்ளத் திறக்கிறது
(மற்றக் கையில் சாக்கு இருக்கும் எனக்கு),
திறந்ததும் ஒரு டிக்.
அந்த டிக்கை ஐந்து தரம் கேட்டேன்.
முதுகை மேசையில் தட்டினேன், மடியவில்லை.
ஆட்டிப் பார்த்தேன். மயிரிழை ஆட்டம்.
அதற்கு ஐம்பது ரூபாய் குறைத்தார்.

"கறள் பிடிக்குமா?"
"திருகோணமலையில கேக்கிற கேள்வியா இது?
காத்தே உப்பு.
கறள் பிடிக்காத இரும்பு கெதியா மழுங்கும்,
கூர் நிக்கிற இரும்பு கெதியா கறள் பிடிக்கும்.
ரெண்டும் வேணாமெண்டா
அந்த ஆறாயிரத்து எழுநூறு."

மழுங்குவதை எடுத்தேன்.
மழுங்கினதைத் தீட்டலாம்.

பையைக் கவிழ் என்பார்கள் முன்பெல்லாம்
மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து.
சீப்பு, நகவெட்டி, கொம்பாஸ் பெட்டி.
கொம்பாசின் முனையைத் தன் பெருவிரலில் குத்திப் பார்த்தவன்
அதை மேசையிலேயே வைத்துக்கொண்டான்.
அன்று கணக்குப் பாடத்தில் வட்டங்களைக் கையால் வரைந்தேன்.
ஒன்றுகூட மூடவில்லை.

நாற்பத்தொரு வயதில் இப்போது
ஒரு கத்தியை எடை பார்த்து, விலை பேசி,
ரசீது கேட்டு வாங்குகிறேன்.
ரசீதை மடித்துப் பணப்பைக்குள் வைக்கிறேன்.
ஒருவரும் கேட்கமாட்டார்கள். தெரியும்.
வைக்கிறேன்.

நஃபீல் அதைக் கையில் தரவில்லை,
கண்ணாடி மேல் வைத்தார், நான் எடுத்தேன்.
கைக்குக் கை மாறினால் பகையாம்.
அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம்.

பின்னேரம் டச்பே சுவரில்
ஒட்ட வெட்டிய தலையோடு ஒருவன். மனைவி, சின்ன மகள்,
ஒரு மாங்காய், ஒரு சரை உப்புத்தூள்.
நேவிக்காரன்தான். செருப்புப் போட்டாலும்
கால் சப்பாத்தில்தான் நிற்கிறது.
"அக்கே, பிஹியக் தியெனவத?"

விளங்கியது.
விளங்காத மாதிரி ஒரு அலை நேரம் இருந்தேன்.
பிறகு சுவரில் வைத்தேன்.

ஆறு துண்டு. மகளுக்கு மெல்லியது.
மடிக்கத் தெரியாமல் விழித்தான்.
"உள்ளுக்க இருக்கிற தகட்டைத் தள்ளுங்கோ"
என்றேன் தமிழில்.
தள்ளினான். மடிந்தது. நீட்டினான்.
நான் சுவரைக் காட்டினேன்.

அவன் மனைவி சிரித்தாள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
வைத்தான்.
பக்கத்தில் ஒரு துண்டு மாங்காயும்.

இரவு கீல் முழுக்கப் புளி.
நல்ல தண்ணீர், பழந்துணி,
தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு.
திறந்து மூடித் திறந்து மூடி
டிக், டிக்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நாளைக்கு முப்பத்தெட்டுப் பார்சல்.